வெள்ளைக்காரச் சமையல்காரருக்கு நான் கபீல் ஆன கதை

1

இந்தக் கோடையில் ஒரு வெள்ளிக்கிழமை. நாஷ்டா நேரம். என் இளைய மகள் ரிஸ்வானா பேப்பரை மேஜையில் விரித்துப் போட்டுக்கொண்டு, "வாப்பா, பிக் நியூஸ்!" என்று இங்கிலீஷில் எதையோ கடகடவென்று வாசித்தாள். ஷார்ஜாவில் பிறந்த பிள்ளை. தமிழ் பேசுவாள், ஆனால் சுவர் ஏறிக் குதித்து அந்தப் பக்கம் போகிற மாதிரி பேச்சு இங்கிலீஷுக்குப் போய்விடும்.

"தமிழ்ல சொல்லு புள்ள."

"ஒரு பெரிய கன்ட்ரியோட எம்பசி ரூல் மாத்தியிருக்காங்க வாப்பா. அவங்க டிப்ளமாட்ஸ்ல ஆம்பளைக்கு ஆம்பளையே பார்ட்னரா இருந்தா, இல்ல லேடிக்கு லேடி பார்ட்னரா இருந்தா, அந்தப் பார்ட்னருக்கும் இனிமே ஃபேமிலி மாதிரி எல்லாம் உண்டாம். டிக்கெட், டாக்டர், சாமான் ஷிப்மென்ட், கலவரம்னா ஃப்ளைட்ல ஏத்திக் கொண்டு போறது, எல்லாம்."

நான் மேஜையில் ஓங்கி ஒரு அடி அடித்தேன். டீ குதித்துச் செய்தியின் மேலேயே கொட்டியது.

என் வீட்டுக்காரி ஜொஹரா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "வெள்ளிக்கிழமையும் அதுவுமா எதுக்கு இந்தப் பேச்சு? ஒங்க வாப்பாவுக்குப் பிரஷர் ஏறும்னு தெரியாதா?"

"வாப்பா, கோவப்படாதீங்க," என்றாள் மகள். "அது அவங்க கல்ச்சர்."

"கோவப்படாமயா? மூணு வருஷம் முந்தி எங்கடி போயிருந்தானுவ இவனுவ?"

நான் எதற்குக் கோபப்படுகிறேன் என்று மகளுக்கு விளங்கவில்லை. ஜொஹராவுக்கு விளங்கிவிட்டது. துணியை எடுத்து வந்து மேஜையைத் துடைத்துக்கொண்டே, "அந்த வால்ட்டரா?" என்றாள்.

ஆமாம், அந்த வால்ட்டர்தான். அவரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். எழுதுகிறேன் என்று பேர். நான் சொல்லச் சொல்ல எங்கள் ஆபீஸ் அக்கவுண்டன்ட் டைப் அடிக்கிறார். தப்பிருந்தால் அவரைத் திட்டுங்கள்.

2

ஊரில் என்னைத் தெரியாத தலைமுறை ஒன்று வந்துவிட்டது. அவர்களுக்காகச் சொல்கிறேன். நான் ஐந்தாம் வகுப்பு. துபாய் க்ரீக் ஓரத்தில் தோணியிலிருந்து மூட்டை இறக்கியவன். இன்று வீடு காலி செய்து சாமான் கட்டிக் கப்பலில் ஏற்றும் தொழிலில் என்னைத் தாண்டி ஆள் கிடையாது. எந்தத் தூதரகத்தில் ஆள் மாறினாலும் முதல் ஃபோன் எனக்குத்தான் வரும். தூதர் வீட்டு அம்மா தன் தாய் கொடுத்த சீனக் கிண்ணத்தை அவள் புருஷன் கையில் தர மாட்டாள், என் கையில் தருவாள். என் கம்பெனியில் எம்.பி.ஏ. படித்தவர்கள் கை கட்டி நிற்கிறார்கள். கட்ட வேண்டாம் என்றுதான் சொல்கிறேன், அவர்களாகக் கட்டிக்கொள்கிறார்கள்.

எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் அட்டைப்பெட்டி இங்கிலீஷ். கிச்சன், மாஸ்டர் பெட்ரூம், கிளாஸ், திஸ் சைட் அப். பெட்டியின் மேல் மார்க்கரில் எழுதுகிற இந்தச் சொற்களை எழுத்துக்கூட்டாமல் எழுதுவேன். வேறு சொல் எழுதத் தேவை வந்ததில்லை.

ஆனால் நான் இந்த நாட்டுக்கு வந்தது மூட்டை தூக்க இல்லை, தெரியுமா? சமையல்காரனாக வந்தேன். பம்பாய் ஏஜெண்டிடம் அப்போது வீட்டு விசாதான் இருந்தது. ஒரு அரபி வீட்டுக்குச் சமையல்காரன் என்று பாஸ்போர்ட்டில் அடித்துக் கொடுத்தான். எனக்குச் சுடுதண்ணி வைக்கத் தெரியாது. அந்த அரபியும் என்னிடம் சோறு கேட்கவில்லை. விசாவுக்கு உள்ளதை வாங்கிக்கொண்டு, எங்கேயாவது போய்ப் பிழைத்துக்கொள் என்று விட்டுவிட்டான். அந்தக் காலத்தில் வளைகுடாவில் பாதிப் பேர் இப்படித்தான். டிரைவர் விசாவில் வந்தவன் முடி வெட்டுவான், தோட்டக்காரன் விசாவில் வந்தவன் கடையில் கணக்கு எழுதுவான். ஒருவன் என்னவாக இருக்கிறான் என்பதற்கும் காகிதத்தில் என்னவாக இருக்கிறான் என்பதற்கும் சம்பந்தமே இருக்காது. அது எங்களுக்குப் பழகிப்போன விஷயம்.

அந்தச் சமையல்காரன் விசாவால் எனக்கு ஒரே ஒரு நஷ்டம். சமையல்காரனுக்குக் குடும்ப விசா கிடையாது. ஜொஹராவை நிக்காஹ் செய்துவிட்டு வந்தவன், மூத்த பையனை அவன் நடந்து என் முன்னால் வந்து நின்றபோதுதான் பார்த்தேன். "இதாரு மாமா?" என்று என்னைக் காட்டிக் கேட்டான். ஊரில் அதை இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். நான் சிரிப்பதில்லை.

சரி, வால்ட்டருக்கு வருகிறேன்.

மூன்று வருஷம் முந்தி ஜுமேராவில் ஒரு வில்லா. ஒரு மேல்நாட்டுத் தூதரகத்து அதிகாரி, பேர் கிரெக், மாற்றலாகி ஆப்பிரிக்காவுக்குப் போகிறார். எந்த நாடு என்று எழுத மாட்டேன்; இன்றும் அவர்கள் என் கஸ்டமர். சாமான் எவ்வளவு என்று பார்க்க நானே போனேன். பெரிய வேலைக்கு எம்.பி.ஏ.க்களை அனுப்புவதில்லை. கதவைத் திறந்தவர் நரைத்த தாடி, பெரிய உடம்பு, வெறுங்கால். "கிரெக் வெளியே போயிருக்கிறார். நான் வால்ட்டர். அவருடைய சமையல்காரர்," என்றார்.

எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை எப்படிச் சொல்ல! வெள்ளைக்காரனும் நம்மைப் போல வீட்டு விசாவில் வந்திருக்கிறான்! உடனே உரிமையோடு சோஃபாவில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஐ ஆல்ஸோ குக்! பிஃபோர்!" என்று நெஞ்சில் தட்டிக் காட்டினேன்.

"அப்படியா? என்ன சமைப்பீர்கள்?"

"மாஃபி! நத்திங்!"

அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நானும்தான்," என்றார்.

எனக்கு இன்னும் புரியவில்லை. அண்ணன் தம்பிக்குச் சொல்கிற மாதிரி, பாதி கைஜாடையில், புத்தி சொல்ல ஆரம்பித்தேன். உன் பாஸ்போர்ட் உன் கையில் இருக்கிறதா, இல்லை அவன் பிடித்து வைத்திருக்கிறானா? சோறு தருகிறானா? வெள்ளிக்கிழமை லீவு உண்டா? அவன் ஊர் மாறிப் போகிறானே, வேறு இடத்தில் வேலை பார்க்க உனக்கு ரிலீஸ் எழுதித் தரச் சொன்னாயா? தராவிட்டால் என்னிடம் வா, நான் பேசுகிறேன்.

அவர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு எழுந்து போய்ச் சுவரில் இருந்த ஒரு படத்தை எடுத்து வந்து என் மடியில் வைத்தார். ஏதோ கடற்கரையில் கிரெக்கும் அவரும், இரண்டு பேருக்கும் தலை நிறையக் கறுத்த முடி. அதைப் பார்த்துவிட்டு இப்போதைய தாடியைப் பார்த்தேன். அப்போதுதான் எனக்கு விளங்கியது.

வால்ட்டர் பியானோ வாத்தியார். கிரெக் எங்கே போனாலும் கூடவே போவார். முதலில் இங்கே விசிட் விசாவில் இருந்து பார்த்திருக்கிறார். விசா முடியும்போதெல்லாம் ஓமான் எல்லை வரை காரில் போய் முத்திரை குத்திக்கொண்டு திரும்புவது. பிலிப்பைன் பெண்களும் நம் மலையாளிப் பையன்களும் நிற்கிற அதே வரிசை. அது சலித்துப்போய், அதிகாரி வீட்டு வேலைக்காரர் என்ற கணக்கில் விசா எடுத்தார்கள். இந்த நாட்டில் வேறு எப்படியும் எடுக்க முடியாது. வாய்விட்டுச் சொல்லவே முடியாது. அது இந்த நாட்டுச் சட்டம், நாம் பிழைக்க வந்தவர்கள். ஆனால் அவருடைய சொந்த நாட்டுத் தூதரகமும் அவரைச் சமையல்காரர் என்றுதான் வைத்திருந்தது! அதுதான் எனக்கு ஆறவில்லை.

"எங்கள் பூனைக்குக்கூட ஒரு அந்தஸ்து இருக்கிறது. கிரெக்கின் பேரில் பறக்கும்," என்றார் வால்ட்டர். "நான் சமையல்காரன். அதுவும் மோசமான சமையல்காரன்."

3

சாமான் கட்டுகிற நாளில் தூதரகத்திலிருந்து மேற்பார்வைக்கு சிவநேசன் வந்தான். யாழ்ப்பாணத்துப் பிள்ளை. அவர்களுடைய ஷிப்பிங் பிரிவில் வேலை. என்னை நானா என்பான். அவர்கள் ஊரில் முஸ்லிம்களை அப்படித்தான் கூப்பிடுவார்களாம், நம் பக்கத்தில் அண்ணனைக் காக்கா என்கிற மாதிரி. நல்ல பையன். ஆனால் ரூல் என்றால் அதைத் தாண்ட மாட்டான்.

கூடத்தில் பியானோ நின்றது. என் ஆட்கள் கம்பளி சுற்றப் போனார்கள்.

"நானா, உதைத் தொடாதேங்கோ," என்றான் சிவநேசன். "உது ஒஃபிஸ் கணக்கில வராது."

"ஏன் வராது? வீட்டுலதானே நிக்கிது."

"வீட்டில நிண்டாப்போல? அதிகாரியின்ர சாமான், அவற்ற மனுசி பிள்ளையளின்ர சாமான். அவ்வளவுதான் ரூல். உது குக்கின்ர சாமான்."

"ஒரு சமையல்காரனுக்கு எதுக்குடா பியானோ? யோசிச்சுப் பாரு."

"எனக்கு விளங்காமலே நானா? எல்லாருக்கும் விளங்கும். பேப்பருக்குத்தான் விளங்காது." அவன் குரலைத் தாழ்த்தினான். "நானோ சட்டம் போட்டனான்? என்ர மனுசி கொழும்பில லொட்ஜில கிடக்கிறா. எனக்கே ஃபமிலி விசா இல்லை. நான் ஆற்ற பியானோவுக்கு எண்டு அழ?"

அவன் சொன்னதும் நியாயம்தான். ஆனால் வாயை மூடிக்கொண்டிருக்கவும் எனக்குத் தெரியாது. "எழுதுனவன் யாரு? கூப்பிடு, நான் பேசுறேன்," என்று கத்தினேன். அவன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

கிரெக் உயரமான மனிதர், அதிகம் பேச மாட்டார். மாடிப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். வால்ட்டர்தான் இடையில் புகுந்து, சண்டை வேண்டாம், பியானோவையும் தன்னுடைய பெட்டிகளையும் தனியாகக் கட்டுங்கள், தன் சொந்தக் கணக்கில் அனுப்பிக்கொள்கிறேன் என்றார். தனியாகக் கட்டினால் பெட்டியில் அடையாளம் வேண்டும். சிவநேசன் சொன்னபடி பியானோப் பெட்டியின் மேல் பெரிதாகக் குக் என்று நானே மார்க்கரில் எழுதினேன். என் பழைய பாஸ்போர்ட்டில் பார்த்துப் பழகியது. அந்தச் சொல் எனக்குக் கஷ்டமில்லை.

வால்ட்டர் அதைப் படித்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். அப்புறம் பக்கத்திலிருந்த அட்டைப்பெட்டியின் மேல் உட்கார்ந்தார். என் ஆட்களில் ஒருவன், "சாப், அதுல கிளாஸ் இருக்கு, எந்திரிங்க," என்றான். அவர் எழுந்திருக்கவில்லை. நெஞ்சில் கை வைத்துக்கொண்டு அப்படியே சாய்ந்தார்.

4

என் வண்டியில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பியானோ ஏற்ற வந்த வண்டி. பின்னால் கம்பளிகளை விரித்து அதன் மேல் அவரைப் படுக்க வைத்தோம். கிரெக் அவர் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, வழியெல்லாம் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். அத்தனை வார்த்தை அவர் பேசி அன்றுதான் கேட்டேன்.

ஆஸ்பத்திரிக் கவுண்டரில் ஒரு மலையாளிப் பெண். உடனே நெஞ்சைத் திறந்து வைத்தியம் செய்ய வேண்டும், யாராவது கையெழுத்துப் போட வேண்டும் என்றாள்.

"நீங்கள் அவருக்கு என்ன உறவு சார்?"

கிரெக் எத்தனையோ நாட்டு மந்திரிகளோடு பேசிய ஆள். அந்தக் கேள்விக்கு அந்த இடத்தில் அவரால் பதில் சொல்ல முடியவில்லை. உண்மையைச் சொன்னால் அவருக்குத் தூதரகக் கவசம் இருக்கிறது, படுத்திருப்பவருக்கு அது இல்லை.

நான் முன்னால் போனேன். "கபீல்!" என்றேன். "இவரு கபீல், அவரு குக். விசாவுல பாரு."

அந்தப் பெண்ணின் முகம் தெளிந்தது. "ஓ, ஸ்பான்ஸரா? அப்ப இங்க சைன் பண்ணுங்க."

பார்த்தீர்களா நியாயத்தை? இத்தனை வருஷம் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தவனுக்குக் கையெழுத்துப் போட உரிமை இல்லை. எஜமானுக்கு உண்டு. வேலைக்காரன் நெஞ்சைப் பிளக்க முதலாளி கையெழுத்துப் போதும். கிரெக் போட்டார். போட்ட பிறகும் பேனாவைக் கீழே வைக்காமல் நின்றதை நான் பார்த்தேன், அந்தப் பெண்ணும் பார்த்தாள். அவள் ஒன்றும் கேட்காமல் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். நல்ல பிள்ளை, எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

வால்ட்டர் பிழைத்தார். ஆனால் பல வாரம் படுக்கையை விட்டு அசையக் கூடாது என்றார்கள். அங்கே ஆரம்பித்தது அடுத்த கூத்து.

அதிகாரிக்கோ அவர் மனைவிக்கோ இப்படி வந்தால் டாக்டரோடு தனி விமானம் வைத்துச் சொந்த ஊருக்குக் கொண்டுபோவார்களாம். சமையல்காரனுக்கு அது கிடையாது. சரி, கிரெக் கொஞ்ச நாள் இருந்து பார்த்துக்கொள்ளட்டும் என்றால், மனைவி படுத்திருந்தால் லீவு உண்டு. சமையல்காரன் படுத்திருந்தால் எவன் லீவு தருவான்? ஆப்பிரிக்காவில் குறித்த நாளில் போய்ச் சேர வேண்டும் என்று உத்தரவு. அவர் போனால் அவர் பேரில் இருக்கிற வீட்டு விசாவும் போச்சு. விசா இல்லாமல் இந்த ஊரில் ஒருநாள் இருந்தாலும் குற்றம். விசிட் விசாவுக்கு மாற, எல்லைக்குப் போய்த் திரும்ப வேண்டும். நெஞ்சில் தையலோடு இருக்கிறவன் ஓமான் எல்லைக்கு எப்படிப் போவான்?

சிவநேசன் தூதரகத்தில் மேலே மேலே போய்க் கேட்டான். அதையும் சொல்லத்தான் வேண்டும். "நானா, நாலு பேரைக் கேட்டுப் பார்த்திட்டன்," என்று ஃபோனில் சொன்னான். "எல்லாரும் சொறி எண்டுறாங்கள். நல்ல வடிவாச் சொல்லுறாங்கள். ஆனா ஒருத்தரும் ஒண்டும் செய்யேலாதாம்."

ஆஸ்பத்திரி வராந்தாவில் கிரெக் நின்றார். பக்கத்தில் பூனைக்கூண்டு. பூனைக்கு எல்லாம் தயாராக இருந்தது, ஊசி, சர்டிபிகேட், டிக்கெட். "வேலையை விட்டுவிடப் போகிறேன்," என்றார் என்னிடம்.

"வேலையை உட்டா வைத்தியம் எப்படிப் பாப்பிய?" என்று நான் தமிழிலேயே கேட்டேன். இங்கிலீஷ் அந்த நேரத்தில் எனக்கு வரவில்லை. அவருக்கு அது புரிந்த மாதிரிதான் இருந்தது.

5

வீட்டுக்கு வந்து ஜொஹராவிடம் கத்தினேன். அவளிடம் கத்தாமல் வேறு யாரிடம் கத்த? எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் பூண்டு உரித்துக்கொண்டே சொன்னாள்:

"நிக்காஹ் ஓதி, ஊரு பூரா வந்து பிரியாணி தின்னுட்டுப் போன எனக்கே ஒங்க பக்கத்துல வர ஒரு காயிதம் குடுக்கல. அந்த மனுசனுக்கு எங்க குடுப்பானுவ?"

பிறகு, "ஆஸ்பத்திரில என்ன குடுக்கிறாங்க? உப்பில்லாம கஞ்சி வச்சுத் தரவா?" என்றாள்.

அப்போதுதான் எனக்கு யோசனை வந்தது. நான் ஒரு கம்பெனி வைத்திருக்கிறேன். என்னிடம் விசா இருக்கிறது. சோனாப்பூர் கேம்ப்பில் என் ஆட்கள் ஒரு பட்டாளம் இருக்கிறார்கள். அதில் இன்னொருவரைச் சேர்த்தால் என்ன?

இங்கே கம்பெனிக்கு உள்ளூர் அரபி ஒருவர் பங்குதாரராக இருக்க வேண்டும். எங்கள் அர்பாப் வயசாளி. ஒரு காலத்தில் தோணி ஓட்டியவர். நான் மூட்டை தூக்கிய நாளிலிருந்து பழக்கம். பேப்பரைக் கொண்டுபோய் நீட்டினேன். போட்டோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"யே கோரா பேக்கிங் கரேகா?" இந்த வெள்ளைக்காரனா பெட்டி கட்டுவான் என்று கேட்கிறார்.

"சூப்பர்வைசர், அர்பாப். பியானோ கட்டுறதுல எக்ஸ்பர்ட்."

"பீமார் ஹை?"

நோயாளியா என்று கேட்டுவிட்டார். பொய் சொல்லவில்லை. ஆமாம், ஆஸ்பத்திரியில் கிடக்கிறான், கபீல் ஊரை விட்டுப் போகிறான், ஆள் இல்லை என்றேன். அவர் வேறெதுவும் கேட்கவில்லை. தஸ்பீஹ் மணியை உருட்டியபடி இடது கையால் முத்திரையை என் பக்கம் தள்ளினார். "கலாஸ்," என்றார். முடிந்தது.

இப்படித்தான், ஐந்தாம் வகுப்புப் படித்த கீழக்கரைக்காரன் ஒரு வெள்ளைக்காரருக்கு விசா கொடுத்தேன். வளைகுடாவில் வேறு யாராவது கொடுத்திருந்தால் சொல்லுங்கள், நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

கிரெக் போகிற அன்று ஆஸ்பத்திரிக்கு வந்தார். நான் வெளியே நின்றுகொண்டேன். கதவைச் சாத்திக்கொண்டு நெடுநேரம் இருந்தார்கள். வெளியே வந்தவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "உங்கள் பொறுப்பு," என்றார். கபீலிடம் கபீல் பொறுப்பு ஒப்படைக்கிற மாதிரி. பூனைக்கூண்டைத் தூக்கிக்கொண்டு போனார்.

எங்கள் கேம்ப்பைப் பார்த்துக்கொள்கிற என் மச்சான் சுல்தானுக்கு இது பிடிக்கவில்லை. "மச்சான், நாளைக்குப் பள்ளிவாசல்ல கேட்டா என்ன சொல்லுவிய?" என்று குத்தினான். "ரெண்டு ஆம்பளை குடும்பம் நடத்துறதுக்கு நம்ம கம்பெனி விசாவா?"

"எது ஹராம், எது ஹலால்னு ஆலிமு சொல்லட்டும், நான் கேட்டுக்கிறேன். அவங்க கணக்கைப் படைச்சவன் பாத்துக்குவான். நோயாளியை நடுத்தெருவுல போட்டது சரியான்னு யாரும் கேட்டா, அதுக்கு நீ வந்து பதில் சொல்லு."

"அதுக்கில்ல மச்சான்..."

"அப்ப கஞ்சி ஆறுது, எடுத்துக்கிட்டுக் கெளம்பு."

முணுமுணுத்துக்கொண்டே போனான். மறுநாள் நான் சொல்லாமலே போனான். வால்ட்டருக்குச் சீட்டாட்டம் தெரியும் என்று கண்டுபிடித்திருந்தான்.

தேறியபின் வால்ட்டர் எங்கள் கோடவுனுக்கு வருவார். காகிதத்தில் சூப்பர்வைசர் ஆயிற்றே! பெட்டியிலிருந்து பியானோவை வெளியே எடுத்துக் கொடுத்தேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் என் ஆட்கள் பார்சல் சோற்றைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார, அவர் வாசிப்பார். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் பாகிஸ்தான்காரப் பட்டான் ஒருநாள் தன் ஊர்ப்பாட்டு ஒன்றை ராகமாகச் சொல்லிக் காட்டினான், அதையும் வாசித்துவிட்டார். அப்புறம் டாக்டர் பறக்கலாம் என்றதும், தன் செலவில் டிக்கெட் எடுத்துக் கிரெக் இருக்கும் ஊருக்கு விசிட் விசாவில் போனார். திரும்பவும் வரிசை, திரும்பவும் முத்திரை. விசிட் விசாவில் போகிறவருக்குப் பியானோவைக் கொண்டுபோக வழியில்லை. நான் மறுபடி பெட்டியில் போட்டு மூடி, கோடவுன் மூலையில் நிறுத்தினேன்.

6

இந்தக் கதையெல்லாம் மனசில் இருக்கும்போதுதான் மகள் அந்தச் செய்தியைப் படித்தாள். சந்தோஷப்பட வேண்டியதுதானே என்றாள். சந்தோஷம்தான். ஆனால் ஒரு கையெழுத்தில் மாறக்கூடிய ரூல் என்றால், அந்தக் கையெழுத்தை முன்னாலேயே போட்டிருக்கக் கூடாதா? அன்றைக்கு சிவநேசனிடம் அழகாக சாரி சொன்னவர்கள் எல்லாம் இன்றைக்கு அழகாகக் கைதட்டுகிறார்கள். கிரெக் பூனைக்கூண்டோடு போனதை அவர்களில் யார் பார்த்தார்கள்? நான் பார்த்தேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மாறியது அவர்கள் நாட்டு ரூல். இந்த நாட்டுக்கு வால்ட்டர் இனி வந்தாலும் காகிதத்தில் சமையல்காரர்தான். அது போகட்டும். சோனாப்பூரில் இருக்கிற என் ஆட்கள், ஊரில் பெண்டாட்டி பிள்ளையை விட்டு வந்தவர்கள், அவர்களுக்கு எந்த சர்க்கார் ரூல் மாற்றப் போகிறது? கூட்டம் போட்டு அதைப் பேச ஆள் இல்லை. பேப்பரில் போடவும் ஆள் இல்லை. நான் என் ஆட்களில் சிலருக்கு உத்தியோகப் பேரை உயர்த்திப் போட்டுக் குடும்பத்தை வரவழைத்துக் கொடுத்திருக்கிறேன். எல்லாருக்கும் முடியவில்லை. முடியாத இடத்தில்தான் இந்தக் கோபம் எல்லாம் வருகிறது என்று ஜொஹரா சொல்கிறாள்.

நேற்று சிவநேசன் கோடவுனுக்கு வந்தான். ஃபோனில் சொல்லியிருக்கலாம், நேரில் வந்தான். கிரெக்குக்கு மறுபடி மாற்றல், இம்முறை ஐரோப்பாவுக்கு. வால்ட்டரின் சாமான் தூதரகச் செலவில் போகிறது.

"நானா, உங்கட பியானோவுக்கு ஓடர் வந்திட்டுது!" என்றான். முகமெல்லாம் சிரிப்பு. "பழைய மார்க்கை அழிச்சுப்போட்டுப் புதுசா எழுத வேணும். குக் எண்டு போனா அங்க குழப்பம்."

"என்ன எழுத?"

"ஃபமிலி எண்டு எழுதுங்கோ. ரூல்ல அப்பிடித்தான் இருக்கு."

நானே மார்க்கரை வாங்கினேன். குக் மேல் கறுப்பாக அடித்தேன். அடித்துவிட்டு நின்றேன். ஃபேமிலி என்று எப்படி எழுதுவது? இத்தனை வருஷம் எத்தனை ஆயிரம் பெட்டி! அறையின் பேர்தான் எழுதுவோம், உறவின் பேரை எழுதியதில்லை. சிவநேசனிடம் கேட்க மனம் வரவில்லை. ஒதுங்கிப் போய் மகளின் ஆபீசுக்கு ஃபோன் போட்டேன்.

"ரிஸ்வானா, ஃபேமிலிக்கு எழுத்துச் சொல்லு."

"எதுக்கு வாப்பா?"

"பெட்டியில எழுத. வால்ட்டர் பெட்டி."

ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். சின்ன வயசில் நான் அவளுக்கு அரபியில் அலிஃப் பே சொல்லிக் கொடுத்த அதே மாதிரி. நான் எழுதினேன்.

"நானா, இவ்வளவு பெரிசு வேண்டாம்," என்றான் சிவநேசன்.

"சின்னதா எழுதுனா மறுபடி எவன் கண்ணுக்காவது தெரியாமப் போயிரும்."

அவன் மனைவி இன்னும் கொழும்பில்தான் இருக்கிறாள். எழுதியதை நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

சோனாப்பூர் பஸ்ஸில் வந்த ஆட்கள் தூக்குகிற பெல்ட்டைத் தோளில் மாட்டிக்கொண்டு பெட்டியைச் சுற்றி நின்றார்கள். தலைமாட்டில் நின்றவன் பரமக்குடி முருகேசன். லீவில் போய் வந்து வருஷக்கணக்காகிறது. அவன் பெட்டி மேல் இருந்ததைப் பார்த்துவிட்டு, "என்ன காக்கா, புது மார்க்கா இருக்கு?" என்றான்.

"ஃபேமிலின்னு எழுதியிருக்கு."

"அதான் இந்தக் கனம் கனக்குதா?" என்றான், பெல்ட்டை இழுத்துப் பார்த்துவிட்டு. மற்றவர்கள் சிரித்தார்கள்.

"கனக்கத்தான்டா செய்யும்," என்றேன். "பாத்து, மெதுவாத் தூக்குங்க."